சங்குமுடி ராணியும் ராசம்மாவின் தராசும்

இல்ல ஹாசிம் நானா, நான் சண்டை பிடிக்க வரல்ல. உடப்பில இருந்து ரெண்டு பஸ் மாறி, இந்த வெயிலுக்குள்ள புத்தளம் வரைக்கும் வாறது சண்டை பிடிக்கவா? டிக்கட் காசத் திருப்பிக் கேக்கவும் வரல்ல. படம் பாத்த மனிசன், மனசில பட்டதச் சொல்றன். நீங்க தியேட்டர் மனேஜர். உங்களுக்கிட்டச் சொல்லாம வேற ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற? இந்தக் கதிரையில இருக்கட்டா? இருக்கிறன்.

என்ன சொல்லிக்கொண்டு வந்தன்... ஓம், சூரியன்! சூரியன் கடலுக்குள்ள இருந்து எழும்புது நானா! "சங்குமுடி" எண்டு பெரிய எழுத்தில பேரப் போட்டு, புத்தளக் கரையோரத்தில ஒரு காலத்தில ஒரு ராணி இருந்தா எண்டு சொல்லி, முதல் சீனிலயே சூரியனக் கடலுக்குள்ள இருந்து தூக்குறாங்கள். நீங்களும் நானும் பொறந்த நாளில இருந்து அது கடலுக்குள்ள விழுறதத்தானே பாத்திருக்கம்? ராணிக்காக ஒரு நாளைக்கு அந்தப் பக்கத்தால வந்திச்சாக்கும். ஊரில படம் காட்டினப்ப பக்கத்தில இருந்த எங்கட பொடியன் கிரிசாந்துக்குச் சொன்னன், டேய், கதை தொடங்க முந்தியே படம் பின்னுக்கு ஓடுதுடா எண்டு.

சரி, அத விடுங்க. கார்ட்டூன் படம்தானே, கீறினவனுக்கு எந்தப் பக்கம் கிழக்கு எண்டு தெரியாமப் போயிருக்கும். ஆனா அந்த ராணிட தலைமயிர்! கடலுக்குள்ள குதிக்கிறா, கீழ போய் முத்து எடுக்கிறா, மேல வாறா... மயிர் ஒரு இழை நனையல்ல! எங்கட பொம்பிளையள் ஒரு கூடை மீன் கழுவி எழும்பினாலே தலையில இருந்து தண்ணி வடியும். அந்த ராச்சியத்தில ஒருத்தனுக்கும் வேர்வை இல்ல, ஒருத்தனுக்கும் தொந்தி இல்ல. மீன் பிடிக்கிறவனெல்லாம் வயித்தில படிக்கட்டு வச்சிருக்கிறான். எங்கட ஊரில வந்து நாள் கணக்கா ஃபோட்டோ எடுத்தாங்கள் நானா, எங்கட வயித்தப் பாத்துத்தானே போனாங்கள்? ஒருத்தன்ட தொந்தியாவது போட்டிருக்கலாம்.

கதையும் அப்பிடித்தான். ராணி வாயத் திறந்தா வானொலிச் செய்தி. மீன்காரன் வாயத் திறந்தா மெட்ராஸ் படத்து ரவுடி. உடப்பான் கதைக்கிற மாதிரி ஒருத்தனும் இல்ல. குதிரை கதைக்குது, அது கொஞ்சம் பரவாயில்ல, அது எங்கட பக்கத்துக் கதை மாதிரி இருக்கு.

குதிரை எண்டோண்ண... உங்கட புத்தளத்தில, கல்பிட்டியில, ரோட்டுக்குக் குறுக்க நிண்டு பஸ்ஸ மறிக்கிறது என்ன? கழுதை! அது ஒண்டையாவது காட்டினாங்களா? கொழும்புப் படக் கொம்பனிப் பிள்ளை ஒண்டுக்கிட்டக் கேட்டன். கழுதையப் போட்டாச் சனம் சிரிக்குமாம் ஐயா எண்டு சொல்லிச்சு. சரித்திரப் படத்தில சனம் சிரிக்கக் கூடாதாம்! ...சனம் சிரிச்ச கதைக்குப் பிறகு வாறன்.

நல்லதையும் சொல்லோணும் நானா, இல்லாட்டி பாவம். கடலக் கீறியிருக்கிறாங்கள் பாருங்க, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். விடிய முந்தி தண்ணி ஒரு நிறமா இருக்குமே, சாம்பலும் இல்ல நீலமும் இல்ல, அந்த நிறம் அப்பிடியே இருந்திச்சு. பெரிய அலை ஒண்டு வரக்குள்ள முன்னுக்கு இருந்த எங்கட ஆக்கள் காலத் தூக்கிக் கதிரைக்கு மேல வச்சிட்டாங்கள். கடலில பொறந்து வளந்தவன் காலத் தூக்கிறான் எண்டா, கீறின பிள்ளைட கை பொன்கை. எனக்குக் கண் கலங்கிச்சு. பொய் சொல்லல்ல.

ஆனா சரித்திரம் எண்டு போட்டதுதான் பிழை. எங்கட ஊருக்கு வந்து போற மீராசாஹிப் மாஸ்டர், தெரியுந்தானே, ஓய்வெடுத்த சரித்திர வாத்தியார்... அவர் படம் முடிய எழும்பி நிண்டு, இப்பிடி ஒரு ராணி எந்தப் புத்தகத்திலயும் இல்ல எண்டு சொன்னார். அந்தப் பிள்ளையள் சொல்லுதுகள், சேர், கடசியில சின்ன எழுத்தில கற்பனை எண்டு போட்டிருக்கிறம் எண்டு. முன்னுக்குப் பெருசா சரித்திரம், பின்னுக்குச் சின்னதா கற்பனை! மாஸ்டர் விடல்ல. ராணி நண்டுக்கறி தின்னுறா, சிவப்புச் சிவப்பா மிளகாய் மிதக்குது. மிளகாய் இந்த நாட்டுக்கு வந்ததே பறங்கியன்ட கப்பலில எண்டார் மாஸ்டர். பறங்கியன்ட கப்பல் படத்தில வாறது இடைவேளைக்குப் பிறகு! அப்ப மிளகாய் முந்தியே நீந்தி வந்திச்சா?

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. நீங்க சிரிச்சா எனக்கு ஒரு தைரியம்.

அந்தப் பூதம்... இந்தா சுவருக்கு அங்கால சத்தம் கேக்குது, அதுதான் உறுமுது. கணவாய்ப் பூதம். கோயில் அளவுக்கு ஒரு கணவாய் மீன், ஆயிரம் கண். சனம் பயப்படோணும் எண்டு கீறியிருக்கிறாங்கள். எங்கட ஊரில ஒரு ஆள் பயப்படல்ல. எத்தினை கிலோ வரும், எந்தக் கொம்பனி வாங்கும், ஐஸ் எவ்வளவு வேணும் எண்டு பின்னுக்கு இருந்து கதைச்சாங்கள். பிறகு பாத்தா அந்தப் பூதத்துக்கும் ஒரு சோகக் கதை. சின்ன வயசில அதுட தாயை ஆரோ வலை போட்டுப் பிடிச்சிட்டாங்களாம், அதுதான் அது கெட்டுப் போச்சாம். இந்தக் காலத்தில கெட்டவன் எண்டு ஒருத்தன் இல்ல நானா, எல்லாருக்கும் சின்ன வயசில என்னமோ நடந்திருக்கு. ஆயிரம் கண்ணாலயும் அழுது. மை மையாக் கொட்டுது.

பூதம் அழுது முடியத்தான் அந்த வலைச் சீன் வருது. நான் சொல்ல வந்தது அதப் பத்தித்தான். அது நீளம் நானா. சரியான நீளம். ராணி ஊரக் காப்பாத்த பூதத்துக்கிட்டத் தன்னையே குடுக்கப் போறா, ஊர்ச்சனம் கரைவலை போட்டு ராணியையும் பூதத்தையும் சேத்து இழுக்குது... இழுக்கிறதும் பிழை. கயித்தத் தோளில போட்டுக் கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு தேர் இழுக்கிற மாதிரி இழுக்கிறான். கடலப் பாத்துக்கொண்டு பின்னால பின்னாலதானே போகோணும்? கடலுக்கு முதுகக் காட்டினா வலை எங்க வருதெண்டு ஆருக்குத் தெரியும்? அதால நான் என்ன சொல்றன் எண்டா, அந்தச் சீன வெட்டிவிடுங்க. படத்துக்கு நல்லது. வெட்டேலாட்டி சத்தத்தையாவது குறைச்சுவிடுங்க. சனம் படத்தப் பாக்கட்டும், பாட்டு என்னத்துக்கு?

என்ன? பேப்பரில அந்தப் பாட்டத்தான் புகழ்ந்திருக்கோ? தெரியும். அதப் பாடினது ஆர் எண்டு நினைக்கிறீங்க? ...நான்தான் நானா. பரமலிங்கம். உடப்பில அம்பாப் பாட்டுக்கு முன்குரல் நான். நான் ஒரு வரி எடுத்தா கயித்தில நிக்கிற அவ்வளவு பேரும் ஏலேலோ எண்டு திருப்பிச் சொல்லுவாங்கள், அந்தச் சொல்லோட வலை ஒரு முழம் வரும். அதக் கேட்டுட்டுத்தான் கொழும்புப் பிள்ளையள் என்னக் கூட்டிக்கொண்டு போனாங்கள்.

என்ன, அப்பிடிப் பாக்குறீங்க? தன்ட பாட்டையே வெட்டச் சொல்ற மனிசன் விசரனோ எண்டுதானே? விசரன் இல்ல. உள்ள ராசம்மா இருக்கிறா நானா.

ராசம்மாவத் தெரியாதா? கரையில மீன் ஏலம் எடுக்கிறவ. ஆம்பிளை யாவாரிகளெல்லாம் அவ வாயத் திறக்க முந்தி விலை சொல்லிட்டு ஓடுவாங்கள். புருசன் செத்த பிறகு தனியா நிண்டு யாவாரம் செய்து மகன் விதுஷனப் படிப்பிச்சவ. என்ட மகள் லோஜினியும் அந்த விதுஷனும் விரும்பீட்டுதுகள். நல்ல பொடியன், ஒரு குறை சொல்லேலாது. நாங்க போய்ப் பேசினம். எல்லாம் சரி வந்திச்சு. ஆனா ராசம்மா மச்சாள் ஓம் எண்டு வாயால சொல்லல்ல. ஞாயித்துக்கிழமை என்ட ஆக்களெல்லாரையும் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கு "சங்குமுடி" பாக்கப் போறன், பாத்துட்டு வந்து முடிவு சொல்றன் எண்டு ஆள் அனுப்பியிருக்கிறா. இண்டைக்கு ஞாயிறு. வான் ஒண்டு பிடிச்சுக்கொண்டு வந்து உள்ள இருக்கிறா.

ஏன் பயம் எண்டு கேக்குறீங்க. சொல்றன். அம்பாவில ஒரு முறை இருக்கு நானா. முன்குரல் எடுக்கிறவன் கரையில நிக்கிற ஆரையும் பேர் சொல்லிப் பாடலாம். சம்மாட்டி, அதான் வலைக்குச் சொந்தக்காரன், அவன்ட கஞ்சத்தனத்தப் பாடலாம், மாப்பிளைட நடையப் பாடலாம், இன்னார் வீட்டுக் கறிக்கு உப்பில்ல எண்டு பாடலாம். சனம் சிரிக்கும், சிரிச்சா இழுவைக்கு ஒரு பலம் வரும். கயித்தக் கீழ வச்சா அந்தக் கதை அங்கயே முடிஞ்சிது. ஒருத்தரும் கோவிக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதான் முறை.

கொழும்பில என்ன நடந்திச்சு? பஞ்சு ஒட்டின ஒரு அறை. காதில ஒரு சாமானக் கொளுவி, பாடுங்க ஐயா எண்டிச்சு பிரியந்தினி எண்ட பிள்ளை. அதுதான் அங்க பெரிய ஆள். நான் வாயத் திறக்கிறன், பாட்டு வரல்ல! கயிறு இல்லாம எப்பிடி வரும்? கையில பாரம் இருந்தாத்தானே வாயில வரி வரும்? நான் சொன்னன், மகள், கயிறு ஒண்டு தாங்க எண்டு. சீலை காயப்போடுற நைலோன் கயிறு ஒண்டக் கொண்டுவந்து கதவுப் பிடியில கட்டிவிட்டாங்கள். நான் இழுத்தன். அட, பாட்டு வந்திச்சு நானா! அப்பிடி வந்திச்சு! நாலு பொடியன்மார் பின்னால ஏலேலோ சொல்றாங்கள், நான் கண்ண மூடிக்கொண்டு இழுக்கிறன், எனக்கு அது உடப்புக் கரையாகவே போச்சு. கதவுப் பிடி கழண்டு கையோட வரும் வரைக்கும் பாடினன்.

அந்த வேகத்தில வாயில வந்திட்டுது. பாடிக் காட்டவா? மெதுவாப் பாடுறன்.

ராசம்மா மச்சாளின்ட தராசப் பாருங்கடா... ஏலேலோ!
ஆறு கிலோப் பாரை மீனும் மூண்டில நிக்குதடா... ஏலேலோ!
கடலுக்குத் தெரிஞ்ச நிறை அவவுக்குத் தெரியாதாம்... ஏலேலோ!

சிரிக்காதீங்க நானா! ஐயோ, நீங்களே இப்பிடிச் சிரிச்சா! அந்த நேரம் இந்தச் சம்பந்தப் பேச்சே இல்ல. எனக்கும் அவவுக்கும் சாளை மீன் நிறுத்ததில ஒரு சின்னக் கதை. கொழும்பில ராசம்மாவா இருக்கிறா? தைரியமா எடுத்துவிட்டன். ஊரில எண்டா அவட பேர எடுக்க என்ட நாக்கு எழும்பாது. இவ்வளவு வருசமாப் பாடுறன், கரையில நிக்கிற எல்லாரையும் பாடியிருக்கிறன், அவவ மட்டும் விட்டுட்டன். பயம்தான். வேறென்ன?

அந்தப் பிரியந்தினிப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும், ஆனா எங்கட இழுவையில ஒண்டும் பிடிபடல்ல. ராசம்மா எண்டா ஆர் ஐயா எண்டு கேட்டிச்சு. நான் அந்த இடத்தில உண்மையச் சொல்லியிருக்கலாம். வெட்கமாப் போச்சு. கடலம்மாட பழைய பேர் மகள் எண்டு சொல்லிப்போட்டன். தராசு? நீதித் தராசு எண்டன். பிள்ளை கையத் தட்டிச்சு! இப்ப படத்தில கீழ சிங்களத்தில எழுத்து ஓடுது, பாத்தீங்களா? "கடலரசித் தாயே, உன் நீதித் தராசில் எங்கள் பாவம் பாதியாகிறது" எண்டு! டீவியில ஒரு பேராசிரியர் கண்ணாடியக் கழட்டிப்போட்டுச் சொல்றார், ராசம்மா எண்டது இந்தக் கரையோரத்து ஆதித் தாய்த் தெய்வமாம், வணக்கம் அழிஞ்சு போச்சாம், பாட்டில மட்டும் மிச்சமிருக்காம். அழிஞ்சு போச்சா! நேத்துக் காலமையும் எங்கட கரையில நிண்டு ஒரு கூடை நெத்தலிக்கு அடிபட்டுக்கொண்டு நிண்டிச்சு அந்தத் தெய்வம்.

எங்கட ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில வெள்ளைச் சீலை கட்டி முதல்முதல் காட்டினாங்கள். ராணி கண்ணீரோட கடலுக்குள்ள இறங்குறா. கொழும்பாக்கள் எல்லாம் மூக்கச் சிந்துறாங்கள். என்ட குரல் வருது... ராசம்மா மச்சாளின்ட எண்டு! நானா, ஊரே விழுந்து விழுந்து சிரிச்சிது. கதிரையோட விழுந்தவனும் இருக்கிறான். கொழும்புப் பிள்ளையளுக்கு முகம் செத்துப் போச்சு. தியாகச் சீனுக்கு இப்பிடிச் சிரிக்கிற சனமா எண்டு ஒரு பொடியன் அழுதே விட்டான். நானும் அவங்களோட சேந்து, ஓம், இந்தச் சனத்துக்கு ரசனை இல்ல எண்டு சொன்னன். வேற என்னத்தச் சொல்ற?

நல்ல காலம், அண்டைக்கு மச்சாள் ஊரில இல்ல. முன்னேஸ்வரத்தில ஒரு நேத்திக்குப் போயிட்டா. வந்த பிறகும் ஒருத்தரும் சொல்லல்ல. அவவுக்கிட்டப் போய்ச் சொல்ல ஆருக்குத் துணிவிருக்கு? இண்டைக்குத்தான் கேக்கப் போறா. தன்ட அண்ணன் தம்பி, பெறாமக்கள், எல்லாரையும் பக்கத்தில வச்சுக்கொண்டு, தராசில கள்ளம் எண்டு என்ட வாயாலயே கேக்கப் போறா. அதுக்குப் பிறகு லோஜினிய மருமகளா எடுப்பாவா? என்ட பிள்ளை ரெண்டு நாளாச் சாப்பிடல்ல நானா. அப்பா, உங்கட வாயாலதான் என்ட வாழ்க்கை போகப்போகுது எண்டு சொல்லிச்சு. அதுதான் பஸ் ஏறி வந்தன்.

ஒரு பாட்டு நானா. ஒரே ஒரு பாட்டு. பூதம் அழுது முடியச் சத்தத்தக் குறைச்சு, ராணி கரைக்கு வந்தோண்ணக் கூட்டிவிடுங்க. மெசினில கோளாறு எண்டு சனம் நினைச்சிட்டுப் போகும். உங்களுக்கும் ஒரு மகள் இருக்கு, அந்தா டிக்கட் குடுக்கிற அஸ்ரியா. அவட நிக்காஹ்வுக்கு இப்பிடி ஒரு தடை வந்தா நீங்க எங்க போய் நிப்பீங்க?

...ஃபோன எடுக்கிறீங்க. றிப்னாசுக்கா? மேல மெசின் அறையில இருக்கிறவர்தானே? சொல்லுங்க, சொல்லுங்க. ஓம் எண்டாரா? கம்பியூட்டரில ஏத்திவிட்டாராமா? இனி அது தானாக் குறைச்சுத் தானாக் கூட்டுமா? அல்லா உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான் நானா! மாரியம்மனும் வைக்கமாட்டா!

மணி அடிக்குது, இடைவேளை. சனம் வெளிய வருது. நான் இப்ப போய் மச்சாளுக்கு முகத்தக் காட்டீட்டு, ஒரு சோடா வாங்கிக் குடுத்துட்டு வாறன். நல்ல மனசோட இருக்கட்டும். இந்தா வந்திட்டன்.

*

நானா! ஹாசிம் நானா! கெட்டுது! எல்லாம் கெட்டுது! அந்த றிப்னாச திரும்பக் கூப்பிடுங்க, கெதியா! சத்தத்தக் குறைக்க வேணாம் எண்டு சொல்லுங்க!

பொறுங்க, மூச்சு வாங்குது... சொல்றன். நான் சோடாவோட போறன். மச்சாள் கதவடியில நிக்கிறா, புதுச் சீலை, தலையில பூ. என்னக் கண்டோண்ண, வாங்க மச்சான் எண்டு சிரிக்கிறா! அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல நானா. சொல்றா, படத்த நான் முந்தியே பாத்துட்டன் மச்சான், போன கிழமை சிலாபத்தில, தனியாப் போய்ப் பாத்தன் எண்டு. நான் சோடாவ நீட்டுறன். மச்சாள், அது வந்து, கயித்தில வந்த கதை எண்டு இழுக்கிறன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "நீங்க கரையில நாய் பூனையையும் பாடினீங்க. சம்மாட்டிட பொஞ்சாதியப் பாடினீங்க, குடிகாரனப் பாடினீங்க. நானும் புருசன் செத்த நாளில இருந்து அந்தக் கரையில நிக்கிறன். ஒரு நாளாவது என்ட பேர எடுத்தீங்களா? எல்லாரையும் சொல்லிச் சிரிப்பீங்க, எனக்கு மட்டும் வாயப் பொத்திக்கொள்ளுவீங்க. என்ன ஒரு ஆளா நினைக்கல்லயே எண்டு நான் வீட்ட போய் அழுத நாளும் இருக்கு மச்சான்" எண்டா.

ராசம்மா அழுதாவாம் நானா! பயத்தில வாயப் பொத்தினத, அவ மதிப்பில்லாமப் பொத்தினதா நினைச்சிருக்கிறா. இவ்வளவு காலம்!

தராசு, மச்சாள், தராசக் குறை சொல்லிட்டன் எண்டன். அதுக்கு அவ, ராணி சாகப் போகக்குள்ள ராணிட பேரையா சொல்றாங்கள், என்ட பேரத்தானே சொல்றாங்கள், தராசு கிடக்கட்டும் எண்டா. பிரான்சில இருக்கிற தங்கச்சி ஃபோன் எடுத்து, அக்கா, நீ இப்ப தெய்வமாம், டீவியில சொல்லுறாங்கள் எண்டு சொன்னாவாம். அதுதான் சொந்தக்காரர் எல்லாரையும் வானில ஏத்திக்கொண்டு வந்திருக்கிறா. தங்கச்சியும் பிரான்சில இருந்து வீடியோவில பாக்கப் போறாவாம். என்ட பேரக் கேட்டுட்டு வெளிய வந்து, எல்லாருக்கும் முன்னால லோஜினிக்கு ஓம் எண்டு சொல்லுவன் மச்சான் எண்டு சொல்லிட்டு உள்ள போயிட்டா. உள்ள போயிட்டா நானா! இனி அந்த இடம் வரும், எல்லாரும் காதக் குடுத்துக்கொண்டு இருப்பாங்கள், சத்தம் செத்துப் போகும். படத்தில கூட என்ட பேர விட மனமில்ல மச்சானுக்கு எண்டுதானே நினைப்பா? உடப்புப் பரமலிங்கம் இங்க மனேஜருக்கிட்ட வந்து நிண்டது கதவடியில இருந்த அவ்வளவு பேருக்கும் தெரியுமே!

என்ன, றிப்னாஸ் எடுக்கல்லயா? ஃபோன் மேல அறைக்குள்ள அடிக்குதா? அவர் எங்க? பூட்டீட்டுச் சாப்பிடப் போயிட்டாரா! ஒரு கையில செய்யிற வேலையக் கம்பியூட்டருக்குக் குடுத்துட்டுச் சோறு தின்னப் போயிட்டாராமே! மத்தத் திறப்பு? திறப்பும் அவருக்கிட்டயா?

கோவிக்காதீங்க. ஓம், நான்தான் சொன்னன். நான்தான் குறைக்கச் சொன்னன். உங்கட தலையத் தின்னு குறைக்க வச்சதும் நான்தான். பாருங்க நானா, அந்த நைலோன் கயித்தோட முடிஞ்சிருக்க வேண்டிய கதை இது. கரையில எண்டா கயித்தக் கீழ வச்சவுடன முடிஞ்சிரும். இந்தப் படத்துக்காரர்தான் கயித்தக் கீழ வைக்காம வச்சிருக்கிறாங்கள். அது இந்தப் படத்தில உள்ள பெரிய குறை. சூரியனெல்லாம் சின்னக் குறை. நான் என்ன சொல்றன் எண்டா, ஒருத்தன்ட பாட்ட எடுத்தா, படத்த முடிக்க முந்தி அவனுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டீட்டு, ஐயா இது சரியா எண்டு கேக்கோணும். கேட்டிருந்தா நான் அப்பவே வெட்டச் சொல்லியிருப்பன்... வெட்டச் சொல்லியிருந்தா மச்சாளுக்கு இண்டைக்கு இந்தச் சந்தோசம் இல்ல. அதுவும் சரிதான். அப்ப கேக்காம விட்டதும் நல்லதுக்குத்தானோ? எனக்கே விளங்கல்ல நானா. நீங்க சொல்லுங்க பாப்பம். நீங்க நாலு படம் பாத்த மனிசன், நீங்க...

நானா?

எங்க போயிட்டார்? இப்ப இந்தக் கதிரையில இருந்தாரே! பிள்ளை அஸ்ரியா, வாப்பா எங்க? பள்ளிக்கா? பாங்கு சொல்லி இவ்வளவு நேரமாச்சா? எனக்குக் கேக்கல்ல மகள், நான் கதைச்சுக்கொண்டு... நான் சுவரோடயா கதைச்சன் இவ்வளவு நேரம்?

ஷ்ஷ்! கேக்குதா? பூதம் அழுது. ஆயிரம் கண்ணும் அழுது. இது முடியத்தான் வலை. ஐயோ, மகள், பள்ளிக்கு ஓடி வாப்பாவக் கூட்டிக்கொண்டு வரவும் நேரமில்ல, அவர் வந்தும் பூட்டு உடைக்கப் போறாரா?

லோஜினி வீட்டில வாசலப் பாத்துக்கொண்டு இருப்பா.

அந்தப் பக்கக் கதவு திரைக்குக் கிட்டவா போகுது? அது பூட்டியிருக்கா? திறந்துவிடு மகள். அந்த மூலையில என்ன, கொடி கட்டுற கயிறா? அதையும் தா. இல்ல, ஒண்டுக்கும் கட்ட வேணாம், நுனிய என்ட கையில தா, மத்த நுனிய நீ இந்தக் கதவடியில பிடிச்சுக்கொண்டு நில்லு. இறுக்கிப் பிடி, நான் இழுப்பன். மூண்டு வரிதான், நேருக்கு நேர் அவட முகத்தப் பாத்துப் பாடினதே இல்ல... தண்ணி ஒரு மிடறு தா. போதும்.

வாப்பா தொழுதிட்டு வந்தாச் சொல்லு மகள், சத்தத்துக்கு ஆள் உள்ள போயிட்டார் எண்டு.